விரிதாளில் மாதங்களைக் கூட்டிக் கழித்துத் தேதி கண்டுபிடிப்பது எப்படி?

ஜனவரி 31-ஆம் தேதியோடு ஒரு மாதத்தைக் கூட்டினால் என்ன தேதி வரும்? பிப்ரவரி 31 கிடையாது. பிப்ரவரி 28 என்று ஒருவர் சொல்வார். முப்பது நாளைக் கூட்டி மார்ச் 2 என்று இன்னொருவர் சொல்வார். எக்ஸெல் போன்ற விரிதாளில் இந்த இரண்டு விடையையும் வரவழைக்கலாம், மார்ச் 3 என்று மூன்றாவதாக ஒன்றையும் வரவழைக்கலாம். எல்லாம் நாம் போடும் ஃபார்முலாவைப் பொறுத்தது. எது வந்தாலும் எக்ஸெல் எந்த எச்சரிக்கையும் காட்டாது. அதனால்தான் வாடகை ஒப்பந்தம், காசோலை, தவணை, பாஸ்போர்ட் என்று பணமும் கெடுவும் சம்பந்தப்பட்ட இடங்களில் இதைக் கொஞ்சம் நிதானமாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

இங்கே சொல்வது எக்ஸெல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபிஸ் கால்க் மூன்றுக்கும் பொருந்தும். ஃபார்முலாக்களின் பெயரையும் செல்களின் (கட்டங்களின்) பெயரையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். தேவையான இடத்தில் எழுத்துக்கூட்டியும் சொல்கிறேன். காற்புள்ளி போட்டு ஃபார்முலா வேலை செய்யவில்லை என்றால் அதன் இடத்தில் அரைப்புள்ளி போட்டுப் பாருங்கள். சில கணினிகளின் வட்டார அமைப்பு அப்படித்தான் கேட்கும்.

முதலில்: செல்லில் இருப்பது உண்மையில் தேதிதானா?

விரிதாளுக்குத் தேதி என்பது ஓர் எண். எக்ஸெல் 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று ஒன்றாக எண்ணிக்கொண்டே வருகிறது. அந்தக் கணக்கில் 2025 ஜனவரி 1 என்பது 45658. நம் கண்ணுக்கு 01-01-2025 என்று தெரிவது அந்த எண்ணுக்குப் போட்ட வேஷம் மட்டுமே. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரு செல்லில் தேதி வரவேண்டிய இடத்தில் 45716 என்று வந்தால் அது பிழை இல்லை, வேஷம் கலைந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த செல்லைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் விசையோடு 1-ஐ அழுத்தி, வரும் பெட்டியில் தேதி என்பதைத் தேர்ந்தெடுத்தால் 28-02-2025 என்று மாறிவிடும். கூகுள் ஷீட்ஸில் ஃபார்மேட் மெனுவில் எண் என்ற பிரிவுக்குள் தேதி இருக்கிறது.

உண்மையான பிரச்சினை இதற்கு நேர்மாறானது. பார்க்கத் தேதி மாதிரியே இருக்கும், ஆனால் உள்ளே வெறும் எழுத்தாக இருக்கும். வங்கியிலிருந்தோ வேறு மென்பொருளிலிருந்தோ இறக்கிய கோப்புகளில் இது அடிக்கடி நடக்கும். செல்லில் இடப்பக்கம் ஒட்டி நின்றால் சந்தேகப்படுங்கள். தேதி என்றால் இயல்பாக வலப்பக்கம் நிற்கும். உறுதியாகத் தெரிந்துகொள்ள, பக்கத்து செல்லில் இப்படிப் போடுங்கள்:

=இஸ்நம்பர்(ஏ2)

ட்ரூ என்று வந்தால் தேதி. ஃபால்ஸ் என்று வந்தால் எழுத்து.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. நாம் நாள், மாதம், வருடம் என்று எழுதுகிறோம். கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் அது மாதம், நாள், வருடம் என்று படிக்கும். 13-06-2026 என்று நீங்கள் அடித்தால், பதின்மூன்றாவது மாதம் இல்லாததால் அதை எழுத்தாக ஒதுக்கிவிடும். அதாவது கண்ணில் பட்டுவிடும். ஆனால் 05-06-2026 என்று அடித்தால் மே 6 என்று சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும். ஒரே பட்டியலில் பாதித் தேதி இடப்பக்கமும் பாதி வலப்பக்கமும் நின்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். அப்போது இடப்பக்கம் நிற்பவற்றை மட்டும் திருத்திவிட்டுப் போகாதீர்கள். சரியாக இருப்பதுபோல் வலப்பக்கம் நிற்பவைதான் மாறிப்போனவை.

கூகுள் ஷீட்ஸில் ஃபைல் மெனு, அமைப்புகள், அங்கே வட்டாரம் என்ற இடத்தில் இந்தியா என்று வையுங்கள். எக்ஸெல் விண்டோஸின் வட்டார அமைப்பைப் பின்பற்றும், அதை அங்கே மாற்ற வேண்டும். அமைப்பைச் சரிசெய்த பிறகு தேதிகளை மூலக் கோப்பிலிருந்து மறுபடி கொண்டுவருவது நல்லது. எழுத்தாகவே வந்துவிட்ட நெடுவரிசையை மாற்ற, எக்ஸெல்லின் டேட்டா பட்டையில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதன் மூன்றாவது படியில் தேதி என்பதைத் தேர்ந்தெடுத்து, நாள்-மாதம்-வருடம் என்ற வரிசையைக் குறிப்பிட்டால் போதும். வருடத்தை எப்போதும் நான்கு இலக்கத்தில் அடியுங்கள்.

மாதத்தைக் கூட்டும் ஃபார்முலா

பெயர் ஈடேட். ஈ, பிறகு தேதி என்பதற்கான ஆங்கிலச் சொல், இடைவெளி இல்லாமல், மொத்தம் ஐந்து எழுத்துகள். ஏ2 செல்லில் தொடக்கத் தேதி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, பி2-இல் இப்படி அடியுங்கள்:

=ஈடேட்(ஏ2, 3)

ஏ2-இல் 15-07-2025 இருந்தால் விடை 15-10-2025. கழிக்க வேண்டுமா? எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போடுங்கள்:

=ஈடேட்(ஏ2, -3)

வருடங்களைக் கூட்ட 12-ஆல் பெருக்கினால் போதும். ஐந்து வருடம் என்றால் 5*12 என்றே எழுதலாம், 60 என்று மனக்கணக்குப் போட வேண்டாம். பிறகு ஃபார்முலாவைப் பார்ப்பவருக்கும் எளிதாகப் புரியும். மாத எண்ணிக்கை முழு எண்ணாக இருக்க வேண்டும். ஒன்றரை மாதம் என்று 1.5 போட்டால் அரையைத் தள்ளிவிட்டு ஒரு மாதம்தான் கூட்டும்.

அந்த நாள் அந்த மாதத்தில் இல்லை என்றால் ஈடேட் மாதத்தின் கடைசி நாளில் நின்றுவிடும். 31-01-2026-க்கு ஒரு மாதம் கூட்டினால் 28-02-2026. 29-02-2024-க்கு 12 மாதம் கூட்டினால் 28-02-2025.

இணையத்தில் தேடினால் இன்னொரு வழியும் கிடைக்கும்:

=டேட்(இயர்(ஏ2), மந்த்(ஏ2)+1, டே(ஏ2))

தேதியை வருடம், மாதம், நாள் என்று உடைத்து, மாதத்தில் ஒன்றைக் கூட்டி, மறுபடி ஒட்டுகிறது. டிசம்பருக்குப் பின் 13 வந்தாலும் அடுத்த ஜனவரி என்று சரியாகப் புரிந்துகொள்ளும். ஆனால் 31-01-2026 கொடுத்தால் பிப்ரவரி 31 என்று ஒட்டப் பார்த்து, மிஞ்சிய மூன்று நாளை மார்ச்சில் தள்ளி 03-03-2026 என்று தரும். கெடு பார்க்கும் வேலைக்கு இது வேண்டாம். பிப்ரவரியில் கட்ட வேண்டியது பட்டியலில் பிப்ரவரியிலேயே இருக்காது.

மாதமா, நாளா? காகிதத்தைப் படியுங்கள்

மூன்று மாதம் என்றால் 90 நாள், ஆறு மாதம் என்றால் 180 நாள் என்று தேதியோடு கூட்டிவிடுவது பரவலான பழக்கம். விதியில் மாதம் என்று இருந்தால் மாதத்தைக் கூட்ட வேண்டும், நாள் அல்லது வாரம் என்று இருந்தால் நாளைக் கூட்ட வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. இந்தியச் சட்டங்களில் மாதம் என்று வந்தால் அது ஆங்கில நாட்காட்டியின் மாதம் என்று 1897-ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டமே வரையறுத்திருக்கிறது.

காசோலையை எடுத்துக்கொள்வோம். முன்பு ஆறு மாதமாக இருந்த அதன் செல்லுபடிக் காலத்தை ரிசர்வ் வங்கி 2012 ஏப்ரல் 1 முதல் மூன்று மாதமாகக் குறைத்தது. 15-07-2025 தேதியிட்ட காசோலைக்கு ஈடேட் போட்டால் 15-10-2025. தொண்ணூறு நாள் கூட்டினால் 13-10-2025. இரண்டு நாள் முன்னதாக வருகிறது, பாதகமில்லை. ஆனால் 10-02-2026 தேதியிட்ட காசோலைக்கு மூன்று மாதம் 10-05-2026, தொண்ணூறு நாள் 11-05-2026. இப்போது நாள் கணக்கு ஒரு நாள் பிந்திவிட்டது. 11-ஆம் தேதி வரை நேரம் இருக்கிறது என்று நம்பிப் போனால் காசோலை திரும்பிவிடும். பிப்ரவரி நடுவில் வந்தால் இப்படித்தான் ஆகும்.

பதினொரு மாத வாடகை ஒப்பந்தத்திலும் இதே கதை. 01-06-2025 அன்று தொடங்கினால் கடைசி நாள் எது? 330 நாள் கூட்டுபவருக்கு 27-04-2026 வரும். சரியான விடைக்கு:

=ஈடேட்(ஏ2, 11)-1

30-04-2026. கடைசியில் இருக்கும் அந்தக் கழித்தல் ஒன்றைக் கவனியுங்கள். தொடங்கும் நாளும் கணக்கில் சேர்கிறது என்பதால், பதினொரு மாதம் முடியும் நாள் மே 1 அல்ல, அதற்கு முந்தைய நாள். பாஸ்போர்ட்டிலும் இப்படித்தான். 12-08-2016 அன்று வழங்கிய பத்து வருட பாஸ்போர்ட்டில் காலாவதித் தேதி 11-08-2026 என்று இருக்கும். எந்த வகைக் கணக்கில் ஒன்றைக் கழிக்க வேண்டும், எதில் கூடாது என்பதை ஃபார்முலா சொல்லாது. பழைய ஆவணம் ஒன்று கையில் இருந்தால் அதன் இரண்டு தேதிகளையும் வைத்து ஒத்துப் பார்த்துவிடுங்கள்.

பாஸ்போர்ட்டில் கழித்தலுக்கும் நல்ல உதாரணம் இருக்கிறது. பல நாடுகள் பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு மாதமாவது மீதம் இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. காலாவதித் தேதி ஏ2-இல் இருந்தால் =ஈடேட்(ஏ2, -6) என்று போடுங்கள். 11-08-2026 என்றால் 11-02-2026 வரும். அந்தத் தேதிக்குப் பிறகு போகும் பயணத்துக்கு முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டும்.

இரண்டும் கலந்து வரும் இடம் குழந்தைகளின் தடுப்பூசி அட்டவணை. பிறந்த பிறகு 6, 10, 14 வாரங்களில் போட வேண்டியவை இருக்கின்றன. 9 மாதம், 16 மாதம் என்று கணக்கிடுபவையும் இருக்கின்றன. வாரத்துக்கு ஃபார்முலா பெயரே தேவையில்லை, =ஏ2+42, =ஏ2+70, =ஏ2+98 என்று நாளாகக் கூட்டிவிடலாம். மாதத்துக்கு மட்டும் =ஈடேட்(ஏ2, 9). குழந்தை 31-05-2026 அன்று பிறந்தால் ஆறு வாரம் 12-07-2026, ஒன்பது மாதம் 28-02-2027. அதேபோல, மகப்பேறு விடுப்பு சட்டத்தில் 26 வாரம் என்று இருக்கிறது, ஆறு மாதம் என்று அல்ல. 01-02-2026 அன்று விடுப்பு தொடங்கினால் 26 வாரத்தின் கடைசி நாள் 01-08-2026. ஆறு மாதம் என்று போட்டால் 31-07-2026. ஒரு தாய்க்குச் சேர வேண்டிய ஒரு நாள் பட்டியலில் காணாமல் போகிறது.

தவணைப் பட்டியல்: எல்லோரும் வழுக்கும் இடம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: எப்போதும் முதல் தேதியிலிருந்தே எண்ணுங்கள், முந்தைய விடையிலிருந்து எண்ணாதீர்கள்.

முதல் தவணை 31-01-2026. அடுத்தடுத்த தவணைகள் வேண்டும். எல்லோரும் செய்வது, ஏ3-இல் =ஈடேட்(ஏ2, 1) என்று போட்டுக் கீழே இழுப்பது. என்ன வருகிறது பாருங்கள்: 28-02-2026, 28-03-2026, 28-04-2026, அப்புறம் வருடம் முழுக்க 28. பிப்ரவரியில் ஒருமுறை 28-க்கு இறங்கியது, பிறகு ஏறவே இல்லை. ஏன் என்றால், மார்ச்சைக் கணக்கிடும் ஃபார்முலாவுக்கு 31 என்ற எண்ணே தெரியாது. அது பார்த்தது பிப்ரவரி 28-ஐ மட்டும்தான்.

சரியான முறை இது. ஏ நெடுவரிசையில் எத்தனை மாதம் தள்ளி என்பதை எழுதுங்கள்: ஏ2-இல் 0, ஏ3-இல் 1, ஏ4-இல் 2 என்று கீழே வரை. முதல் தேதியை பி2-இல் வையுங்கள். பிறகு பி3-இல்:

=ஈடேட்($பி$2, ஏ3)

இதைக் கீழே இழுங்கள். டாலர் குறி இருப்பதால் ஒவ்வொரு வரிசையும் பி2-ஐத்தான் பார்க்கும். இப்போது 28-02-2026, 31-03-2026, 30-04-2026, 31-05-2026 என்று ஒழுங்காக வரும். டாலர் குறியைக் கையால் அடிக்க வேண்டாம். பி2 என்று அடித்ததும் எஃப்4 விசையைத் தட்டினால் தானே வரும். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

ஈடேட்டில் போன வழியே திரும்பி வர முடியாது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். 31-03-2026-இல் ஒரு மாதம் கழித்தால் 28-02-2026, அதோடு ஒரு மாதம் கூட்டினால் 28-03-2026. மூன்று நாள் போய்விட்டது. ஆகவே மூலத் தேதியை ஒரு செல்லில் பத்திரமாக வைத்திருங்கள். கணக்கிட்ட தேதியை அதன் மேலேயே ஒட்டி அழித்துவிடாதீர்கள்.

மாதக் கடைசி வேண்டுமென்றால்

28-02-2026 என்பது பிப்ரவரியின் கடைசி நாள். அதோடு ஒரு மாதம் கூட்டி மார்ச்சின் கடைசி நாளை எதிர்பார்த்தால் ஈடேட் 28-03-2026 என்றுதான் தரும். அதற்கு நாள் எண்தான் தெரியும், மாதக் கடைசி என்ற எண்ணம் கிடையாது. அதற்கென்று தனி ஃபார்முலா இருக்கிறது, ஈஓமந்த். ஈ, ஓ, பிறகு மாதம் என்பதற்கான ஆங்கிலச் சொல், இடைவெளி இல்லாமல்.

=ஈஓமந்த்(ஏ2, 0) என்றால் ஏ2 இருக்கும் மாதத்தின் கடைசி நாள். 1 என்றால் அடுத்த மாதத்தின் கடைசி நாள், -1 என்றால் போன மாதத்தின் கடைசி நாள். அதோடு ஒன்றைக் கூட்டினால் மாதத்தின் முதல் நாள் கிடைக்கும்: =ஈஓமந்த்(ஏ2, -1)+1 என்பது ஏ2 இருக்கும் மாதத்தின் 1-ஆம் தேதி. சம்பளப் பட்டியல், மாத வாடகை ரசீது போடுபவர்களுக்கு இந்த இரண்டுமே போதும்.

இரண்டு ஃபார்முலாவும் சேர்ந்து அழகாக வேலை செய்யும் இடம் ஓய்வுத் தேதி. மத்திய அரசு ஊழியர் 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுகிறார். ஆனால் மாதத்தின் 1-ஆம் தேதி பிறந்தவர் அதற்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளிலேயே ஓய்வு பெற்றுவிடுவார். அந்த விதிவிலக்குக்காகப் பலர் நீளமான நிபந்தனை ஃபார்முலா எழுதுகிறார்கள். தேவையே இல்லை:

=ஈஓமந்த்(ஈடேட்(ஏ2, 60*12)-1, 0)

15-06-1966 அன்று பிறந்தவருக்கு 60 வருடம் கூட்டினால் 15-06-2026, ஒரு நாள் கழித்தால் ஜூன் 14, அந்த மாதக் கடைசி 30-06-2026. 01-06-1966 அன்று பிறந்தவருக்கு 01-06-2026, ஒரு நாள் கழித்தால் மே 31, மாதக் கடைசியும் அதுவே. ஒன்றைக் கழித்ததும் விதிவிலக்கு தானாக உள்ளே அடங்கிவிடுகிறது.

கெடு ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால்

அடுத்த வேலை நாளுக்குத் தள்ள வேண்டுமானால் வொர்க்டே என்ற ஃபார்முலா உதவும். ஆனால் அது சனியையும் ஞாயிறையும் விடுமுறையாக எடுத்துக்கொள்ளும். சனிக்கிழமை வேலை செய்யும் அலுவலகம் என்றால் அதன் நீட்டிப்பான வொர்க்டே.இன்டல் வேண்டும். புள்ளிக்குப் பின், சர்வதேசம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் சுருக்கமாக ஐ, என், டி, எல்.

=வொர்க்டே.இன்டல்(ஈடேட்(ஏ2, 3)-1, 1, 11, $எச்$2:$எச்$40)

இதில் 11 என்பது ஞாயிறு மட்டும் விடுமுறை என்பதற்கான குறியீடு. எச் நெடுவரிசையில் பொங்கல், தீபாவளி என்று அந்த வருட விடுமுறைத் தேதிகளை நீங்களே எழுதி வைக்க வேண்டும். வங்கி வேலை என்றால் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளையும் அதே பட்டியலில் சேருங்கள். 2015 செப்டம்பர் முதல் வங்கிகளுக்கு அவை விடுமுறை. முதலில் ஒரு நாள் பின்னால் போய்ப் பிறகு ஒரு வேலை நாள் முன்னால் வருவதால், கெடு ஏற்கெனவே வேலை நாளாக இருந்தால் அசையாமல் அங்கேயே நிற்கும். எச்சரிக்கை ஒன்று: எல்லாக் கெடுவும் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போகாது. காசோலையை முந்தைய வேலை நாளுக்குள் வங்கியில் போட்டுவிடுவதுதான் நல்லது.

இரண்டு தேதிக்கு நடுவே எத்தனை மாதம்?

இதற்கு டேட்டிஃப். தேதி என்பதற்கான ஆங்கிலச் சொல், பிறகு அதன் முதல் எழுத்தான டி, ஐ, எஃப், இடைவெளி இல்லாமல். எக்ஸெல்லில் அடிக்கும்போது பரிந்துரைப் பட்டியலில் இது வராது, முழுதாக அடித்துவிட்டால் வேலை செய்யும்.

=டேட்டிஃப்(ஏ2, பி2, "எம்")

நிறைந்த மாதங்களை மட்டும் எண்ணும். 31-01-2026 முதல் 28-02-2026 வரை கேட்டால் 0 என்று சொல்லும், ஈடேட்டின் கணக்கில் அது ஒரு மாதம் ஆனபோதும். மாதக் கடைசித் தேதிகளில் இந்த இரண்டும் ஒத்துப்போகாது என்பதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். மீதமுள்ள நாட்களைத் தரும் "எம்டி" என்ற வகையை மைக்ரோசாஃப்டே பயன்படுத்த வேண்டாம் என்கிறது, தவறான விடை தரக்கூடும்.

தமிழ் மாதக் கணக்குக்கு இவை எதுவும் உதவாது. சித்திரை, வைகாசி என்ற சூரிய மாதங்கள் 29 நாளிலிருந்து 32 நாள் வரை மாறும். ஆவணி 10-லிருந்து மூன்று மாதம் என்றால் பஞ்சாங்கத்தைத்தான் பார்க்க வேண்டும். 1900-க்கு முந்தைய ஆங்கிலத் தேதிகளையும் எக்ஸெல் தேதியாக ஏற்காது. தாத்தா காலத்துப் பத்திரங்களைப் பட்டியலிடுபவர்கள் லிப்ரே ஆபிஸ் கால்க்கைப் பயன்படுத்தலாம்.

புதிதாக ஒரு ஃபார்முலா எழுதியதும் அதைக் கீழே இழுக்கும் முன் நான்கு தேதிகளைக் கொடுத்துச் சோதித்துவிடுங்கள்: ஏதாவது ஒரு 15-ஆம் தேதி, ஒரு ஜனவரி 31, 28-02-2026, 29-02-2024. 15-ஆம் தேதிக்கு மாதத்தைக் கூட்டும் எந்த ஃபார்முலாவும் சரியான விடை தந்துவிடும். மற்ற மூன்றுக்கும் வரும் விடையைச் சுவர் நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணிப் பாருங்கள். மூன்றும் நீங்கள் நினைத்தபடியே வந்தால் கீழே இழுக்கலாம்.